பயணிக்கு எந்தக் கருவி? காலி வீதியில் ஓர் அஞ்சல் வரலாறு

பம்பலப்பிட்டியில் காலி வீதியோரமாக நிற்கும் யூனிட்டி பிளாசாவை அறியாத கொழும்புவாசிகள் குறைவு. கணனி வாங்கவோ திருத்தவோ வேண்டுமென்றால் முதலில் அங்கேதான் போவார்கள். 2005ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை, தேயிலை ஏற்றுமதி நிறுவனமொன்றில் பணிப்பாளராக இருந்த நண்பர் ஒருவர் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனார். மாதத்தில் பாதி நாளை டுபாயிலும் மொஸ்கோவிலும் லண்டனிலும் கழிப்பவர் அவர். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் பலருக்கு இருந்தது.

"அண்ணை, எங்கை நிண்டாலும் மின்னஞ்சல் கையுக்கு வரவேணும். எதை வாங்கலாம் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கொழும்புத் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு தொடங்கியது. நான் சொல்லும் காலத்தில் அது செவ்வாயும் புதனுமாக நடந்தது. வெளிநாட்டுக் கொள்வனவாளர் இந்த விலைக்கு இவ்வளவு வேண்டும் என்று எழுதினால், அதை ஏலத்துக்கு முன்னர் பார்த்தால்தான் பயன். சில வாரங்களுக்கு முன் அப்படியொரு கடிதம் செவ்வாய் காலை அவருடைய மின்னஞ்சல் பெட்டியில் வந்து விழுந்தது. அவர் அப்போது விமானத்தில் இருந்தார். புதன் இரவு விடுதியின் கணனியில் திறந்து பார்த்தபோது ஏலம் முடிந்துவிட்டது. கொள்வனவாளர் வேறொருவரிடம் போய்விட்டார். பல ஆண்டுகாலத் தொடர்பு அது. நிறுவனத்தில் அவருக்கு நேர்ந்ததை அவர் விரிவாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தக் கேள்வி எவ்வளவு பழையது என்பது அன்று மாலை, வாகன நெரிசலில் காலி வீதியோடு ஊர்ந்து வீடு திரும்புகையில்தான் எனக்கு உறைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து தபால் கொண்டுவந்த நீராவிக் கப்பல்கள் காலித் துறைமுகத்துக்குத்தான் வந்தன. கொழும்புக்கு அலைதடுப்பு அணையோடு கூடிய துறைமுகம் அமைந்தது பிற்பாடு. கொழும்பிலிருந்த வணிகருக்கு லண்டனில் கோப்பி என்ன விலை என்பது தெரிய வேண்டும். செய்தி காலியில் கிடக்கிறது. தேவைப்படுகிறவர் ஏறக்குறைய 115 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறார். 1838 முதல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே தபால் வண்டி ஓடிற்று. அது கடிதக் கட்டுகளையும் செய்தித்தாள்களையும் முழுமையாகக் கொண்டுவரும். ஆனால் குதிரையின் வேகத்தில்தான் கொண்டுவரும். 1850இல் 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகை புறாக்களை அமர்த்தியது. காலியில் கப்பல் வந்ததும் முக்கிய செய்திகளை மெல்லிய தாளில் எழுதிப் புறாவின் காலில் கட்டி விடுவார்கள். கிரைமியப் போர்ச் செய்திகளும் இப்படித்தான் கொழும்புக்கு வந்தன. அந்தப் புறாக்கள் இந்தப் பம்பலப்பிட்டிக் கரையோரமாகத்தான் பறந்திருக்க வேண்டும். ரொயிட்டர் ஐரோப்பாவில் ஆகனுக்கும் பிரசல்சுக்கும் இடையே புறாக்களைப் பறக்கவிட்டதும் அதே 1850இல்தான் என்பதைப் பத்திரிகைக்காரன் என்ற முறையில் சற்றுப் பெருமையோடு குறிப்பிடுகிறேன்.

புறா கொண்டுவருவது சிறு துண்டு; ஆனால் விரைவில் வரும். வண்டி கொண்டுவருவது முழுக்கடிதம். ஆனால் தாமதமாக வரும். யூனிட்டி பிளாசாவின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று நண்பர் தலையைச் சொறிந்தது இதே சிக்கலுக்காகத்தான்.

1858இல் கொழும்பு - காலி தந்தித் தொடர்பு வந்ததும் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது. தந்திக்கு வேறொரு தொல்லை இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. அத்தோடு, அனுப்பும் அலுவலகத்திலும் பெறும் அலுவலகத்திலும் உள்ளவர்கள் அதைப் படித்துவிடலாம். ஆகவே வணிகர்கள் சங்கேத நூல்களை நாடினர். 1870களில் வெளிவந்த 'ஏபிசி' நூலும், 1906இல் வந்த 'பென்ட்லி' நூலும் அவற்றுள் பெயர்பெற்றவை. ஒரு முழு வாக்கியத்துக்கு ஒரேயொரு பொருளற்ற சொல். பழைய வணிகக் கடிதத்தாள்களின் தலைப்பைப் பாருங்கள்: தந்தி முகவரிக்குப் பக்கத்தில் எந்தச் சங்கேத நூல் பயன்படுத்தப்படுகிறது என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். இரு முனையிலும் ஒரே நூல் இருந்தாலன்றிச் செய்தி செய்தியாகாது. அச்சிட்ட நூல் யாருக்கும் கிடைக்குமாதலால், இரகசியம் பேணவேண்டிய நிறுவனங்கள் தமக்கென்று தனி நூல் எழுதி வைத்துக்கொண்டன. 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது பிரித்தானிய அரசு செய்த முதற் காரியங்களுள் ஒன்று, தனியார் சங்கேதத் தந்திகளைத் தடுத்ததாகும். பின்னர், குறிப்பிட்ட சில அச்சு நூல்களை மட்டும் அனுமதித்தது. தணிக்கை அதிகாரியின் மேசையிலும் அந்த நூல்கள் இருந்தன அல்லவா! இந்தக் கதை 2010இல் மறுபடியும் அரங்கேறியதைக் கீழே சொல்கிறேன்.

ரெலெக்ஸ், தொலைநகல் காலங்களை இங்கே தாண்டிச் செல்கிறேன். இரண்டும் அலுவலகத்தில் அசையாமல் நின்ற பொறிகள். பயணம் போகிறவருக்கு உதவியவையல்ல.

கொழும்பிலிருந்து மின்னஞ்சல் போன்ற ஒன்றை நாள்தோறும் பயன்படுத்தி ஒரு பெரிய வேலையை முடித்தவர், பம்பலப்பிட்டியிலிருந்து சிறிது தூரத்தில், கொழும்பு 7 பார்ன்ஸ் பிளேசில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க். '2010' திரைப்படத்துக்காக, லொஸ் ஏஞ்சல்சில் இருந்த இயக்குநர் பீற்றர் ஹயம்சோடு 1983 முதல் 'கேப்ரோ' கணனியும் மோடமும் கொண்டு தொலைபேசி வழியாக மடல் பரிமாறிக்கொண்டார். கொழும்பில் இரவென்றால் அங்கே பகல். ஒருவர் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போக, மற்றவர் எழுந்து படிப்பார். அந்த மடல்கள் பிறகு நூலாகவும் வெளிவந்தன. அந்தக் கேப்ரோவைக் 'காவிச் செல்லும் கணனி' என்றுதான் விற்றார்கள். நிறை ஏறக்குறைய 12 கிலோ!

பிறகு, 1990இல் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு கல்வியாளர்களுக்கு மின்னஞ்சல் வந்தது. 1995இல் வணிக இணையச் சேவை வந்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் எங்கள் மக்களுக்குத் தொடர்பு என்றால் வெள்ளவத்தையின் 'கொமியூனிகேஷன்' கடைகள்தாம். போரால் வடக்கிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருந்தவர்கள் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வரும் அழைப்புக்காக அங்கே வரிசையில் காத்திருந்தார்கள். ஐந்து மணிக்கு மகன் எடுப்பான் என்று நான்கு மணிக்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மாரைத் தாண்டித்தான் நான் அலுவலகம் போவேன். எங்கே இருந்தாலும் செய்தி வந்து சேரவேண்டும் என்ற ஏக்கம் வணிகருக்கு மட்டும் உரியதன்று.

இனி, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு வருவோம்.

1996இல் நொக்கியா '9000 கொமியூனிகேற்றர்' என்ற கருவியை வெளியிட்டது. மூடினால் தொலைபேசி, புத்தகம்போல் திறந்தால் விசைப்பலகையும் நீண்ட திரையும். நிறை 397 கிராம். கையில் வைத்திருந்தவரை முக்கியமானவர் என்று பிறர் நினைக்கும்படி செய்வதில் அதற்கு நிகரில்லை. அதன் வழித்தோன்றலான 9500, நண்பர் தேடிய காலத்தில் புதிதாக வந்திருந்தது. 222 கிராம். கம்பியில்லா இணைய வசதியும் அதில் இருந்தது. 'வேர்ட்' கோப்பையும் 'எக்செல்' அட்டவணையையும் திறக்கும்; திருத்தவும் செய்யலாம். நேரே நிறுவனத்தின் அஞ்சல் சேர்வரோடு தொடர்புகொண்டு மடல்களை எடுத்துவரும். இது தபால் வண்டி வகை.

மற்றது புறா வகை. கனடாவின் வாட்டர்லூ நகரில் 1984இல் மைக் லசாரிடிஸ், டக்ளஸ் பிரெகின் என்ற இரு இளைஞர்கள் தொடங்கிய 'ரிசேர்ச் இன் மோஷன்' நிறுவனம், 1999இல் '850' என்ற சிறு கருவியைப் பிளாக்பெரி என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. அதில் பேச முடியாது. ஒரு சாதாரணப் பென்சில் பற்றரியில் வாரக்கணக்கில் இயங்கும். கட்டைவிரல் இரண்டாலும் தட்டலாம். அதன் சிறப்பு கருவிக்குள் இருக்கவில்லை. அதற்குப் பின்னால் இருந்தது. நிறுவனத்தின் சேர்வரிலிருந்து புறப்படும் மடல், பிளாக்பெரியின் சொந்த மத்திய நிலையம் ஒன்றுக்குப் போய், அங்கிருந்து தொலைபேசி வலையமைப்பு வழியாகக் கருவிக்குத் தள்ளப்படும். நாம் போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. மடல் தானே வந்து கதவைத் தட்டும். சிறு சிறு துண்டாக, சுருக்கி அனுப்புவதால் செலவும் குறைவு. 2002இல் வந்த 5810 மாதிரியில்தான் தொலைபேசி சேர்ந்தது. அதிலும் பேசுவதற்குக் காதில் கம்பி மாட்டவேண்டும்.

2001 செப்டெம்பர் 11 அன்று நியூயோர்க்கில் கையடக்கத் தொலைபேசிகள் நெரிசலில் திணறியபோது பிளாக்பெரி மடல்கள் போய்க்கொண்டிருந்தன. அதன் பெயர் ஓங்கியதற்கு அந்த நாளும் ஒரு காரணம். எங்களுக்கும் அப்படியொரு நாள் வந்தது. 2004 டிசெம்பர் 26. ஆழிப்பேரலை கரையை அடித்த அந்த ஞாயிறு, அலுவலகத்தில் இருந்து எந்த எண்ணை அழுத்தினாலும் பேச முடியவில்லை. ஆனால் குறுஞ்செய்திகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. குரலுக்கு வழி திறந்தபடியே இருக்கவேண்டும். எழுத்து இடைவெளி பார்த்து நுழைந்துவிடும். பம்பலப்பிட்டியில் எழுத்துத் தொடர்பின் அருமையை யாரும் எனக்கு விளக்கத் தேவைப்படவில்லை.

ஆகவே நான் பிளாக்பெரியைத்தான் பரிந்துரைத்தேன். ஆனால் அதைக் கடையில் வாங்கிவிட்டால் போதாது. நமது தொலைபேசிக் கம்பனி கனடாக்காரரோடு ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். இந்தியாவில் ஏர்டெல் 2004இல் அப்படிச் செய்திருந்தது. நண்பரின் இணைப்புக்கு அந்தச் சேவை அன்று வாய்க்கவில்லை. அடுத்தது அலைவரிசை. இலங்கையில் 900, 1800. அமெரிக்காவில் 850, 1900. ஜப்பானிலோ நம்முடைய ஜிஎஸ்எம் முறையே கிடையாது. நண்பர் போகும் நாடுகளின் பட்டியலை எழுதிவைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். கடைக்காரர் இதையெல்லாம் சொல்லவில்லை. கருவியின் கமெராவைப் பற்றித்தான் ஓயாமல் பேசினார். வெளிநாட்டில் ரோமிங்கில் கிலோபைற் கணக்கில் காசு அறவிடுவார்கள். யாரோ அனுப்பிய கலியாணப் படமொன்று இறங்கினால் அந்தச் செலவில் இங்கே ஒரு விருந்து வைக்கலாம்.

இன்னொரு பரிசோதனையை நண்பரே செய்தார். ரொறன்ரோவிலிருந்து அவருடைய தம்பி பாமினி எழுத்துருவில் எழுதும் மடல்களைக் கருவியில் திறந்து பார்த்தார். முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பை. யூனிகோட்டில் எழுதியதைத் திறந்தால் வரிசையாகக் கட்டங்கள். அன்று எங்கள் கைக்கு வந்த கருவி எதுவும் தமிழைக் காட்டவில்லை. தேயிலை விலை உலகின் எந்த மூலையிலும் வந்து சேரும். தம்பியின் கடிதத்தைப் படிக்கப் பம்பலப்பிட்டிக்குத் திரும்பி வரவேண்டும். "தம்பி இங்கிலீசிலை எழுதட்டும்" என்றார் நண்பர். தம்பி எழுதினார், ஆனால் மடல்கள் சுருங்கிவிட்டன என்று பிறகொரு நாள் குறைப்பட்டுக்கொண்டார். கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் இந்த இழப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடைசியில் அவர் வாங்கியது 9500. நான் சொன்ன காரணங்களுக்காக அன்று. அது சிறு கணனிபோல் இருந்தது, அட்டவணைகளைத் திறந்தது, அவ்வளவுதான். கருவி தானே மடலைக் கொண்டுவராது என்பதால் செவ்வாய்க்கிழமைகளில் அரைமணிக்கொரு தடவை திறந்து பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டார். போர் மறுபடி உக்கிரமடைந்த 2006க்குப் பின் ஒரு சோதனைச்சாவடியில் அதைத் திறந்து காட்டச் சொன்னார்கள். தொலைபேசி என்று சொல்லி நீட்டியது புத்தகமாகப் பிரிந்து விசைப்பலகை தெரிந்ததும், நின்றிருந்த இளைஞர் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார். அன்றைக்கு விமானத்தைப் பிடித்தது அருந்தப்பு. அதன் பிறகு வாகனத்தில் போகும்போது சாதாரணத் தொலைபேசியொன்றைச் சட்டைப்பையிலும் அதைப் பெட்டியின் அடியிலும் வைத்தார்.

அவருடைய நிறுவனத்தில் இளைய அதிகாரி ஒருவர் சில ஆண்டுகளில் பிளாக்பெரிக்கு மாறினார். தன் கருவியில் வருவதை வேறு எவரும் படிக்க முடியாது என்பது அவருடைய வாதம். விலை உச்சவரம்பு வெளியே கசிந்தால் ஏலத்தில் ஒரு கிலோவுக்கு எத்தனை ரூபாய் போகும் என்பதை அறிந்தவர்களுக்கு அது சிறிய விடயமன்று. நிறுவனத்துக்கென்று தனியாகப் பொருத்தும் பிளாக்பெரி சேர்வரில், மடல் நிறுவனத்துக்குள்ளேயே பூட்டப்பட்டுக் கருவியில்தான் திறக்கப்படும். திறவுகோல் கனடாவில்கூட இல்லை என்று உற்பத்தியாளர் சொன்னார்கள். தனியாள் வாங்கும் சேவைக்கு அந்த அளவு காப்பு இல்லை என்பதை விற்பனையாளர்கள் உரக்கச் சொல்வதில்லை. 2010 ஓகஸ்டில் ஐக்கிய அரபு இராச்சியமும் சவூதி அரேபியாவும் இந்தியாவும் பிளாக்பெரி மடல்களைப் பார்க்க வழிவேண்டும், இல்லையேல் சேவையை நிறுத்துவோம் என்று எச்சரித்தன. 1914இன் தணிக்கை அதிகாரி மறுபடி வந்துவிட்டார். கடைசியில் அமீரகம் தன் தடையை ஒக்டோபரில், அமுலுக்கு வரச் சில நாட்களே இருக்கையில், கைவிட்டது. அந்த இரண்டு மாதமும் டுபாய்ப் பயணத்துக்கு எதைக் கொண்டுபோவது என்று இளையவர் திண்டாடினார். நண்பரின் சிரிப்பை நான் தொலைபேசியில் கேட்டேன்.

அடுத்த ஆண்டு, 2011 ஒக்டோபர் 10ஆம் திகதி, இங்கிலாந்தின் ஸ்லௌ நகரிலிருந்த பிளாக்பெரி நிலையத்தில் கோளாறு ஏற்பட்டது. ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆபிரிக்கா, இந்தியா எங்கும் மடல்கள் நின்றன. பின்னர் அமெரிக்காவுக்கும் பரவியது. சீராவதற்கு மூன்று நாட்களாயின. எல்லாப் புறாக்களும் ஒரே கூட்டிலிருந்து பறந்தவை, கூடு சரிந்தது. 10ஆம் திகதி திங்கட்கிழமை. ஏலம் நடக்கும் வாரம் அது. டுபாயில் நின்ற இளையவர் விடுதியின் கணனி அறையைத் தேடி ஓடவேண்டியதாயிற்று. 2005இல் நண்பர் நின்ற அதே நிலை. நண்பரின் கனத்த நொக்கியா, நேரே சேர்வருக்குப் போய் மடல்களை எடுத்துக்கொண்டிருந்தது. அவர் அதை முன்கூட்டி அறிந்து வாங்கியவரல்லர். நானோ, அறிந்தவனைப்போல் பேசித் தவறான கருவியைக் காட்டியவன்.

அதற்குள் காலம் இரண்டையும் கடந்துகொண்டிருந்தது. 2007 ஜூனில் ஐபோன் விற்பனைக்கு வந்தது. விசைப்பலகை இல்லாத தொலைபேசியில் எவன் வேலை செய்வான் என்று கேட்டவர்களுள் நானும் ஒருவன். தம்பியின் தமிழ்க் கடிதத்தை வழியிலேயே படிக்கும் வசதியும் அத்தகைய தொலைபேசிகளோடுதான் படிப்படியாக வந்தது. 2016இல் பிளாக்பெரி கருவி தயாரிப்பதைக் கைவிட்டது. 2022 ஜனவரி 4ஆம் திகதி தன் பழைய கருவிகளுக்கான சேவையையும் நிறுத்திவிட்டது.

நண்பர் ஓய்வுபெற்றுவிட்டார். பம்பலப்பிட்டியிலேயே, கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில் இருக்கிறார். 9500 அவருடைய மேசை இழுப்பறையில் கிடக்கிறது. யூனிட்டி பிளாசாவில் அதற்குப் பற்றரி கிடைக்குமா என்று போன மாதமும் என்னைக் கேட்டார்.